பீஸ் கட்டை யார் மடியில்?

(நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச்சங்க நிர்வாகிகளும் மின்பணியாளர்களும் கூடிய கோவைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நீச்சல் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைப்புருடையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான் பயிற்சி. கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம். உள்ளே மூன்று ஃபேஸில் ஓடும் 5 எச்.பி. மோட்டார், ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின் போர்டு. கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் டவுசரோடு வந்து நிற்போம். எங்கள் அப்பாரு அப்போது செய்ததை இன்றும் அப்படியே என்னால் சொல்ல முடியும். முதலில் ஸ்டார்ட்டரை நிறுத்துவார். அடுத்து மெயினைக் கீழே இறக்குவார். அதோடும் விடமாட்டார். மூன்று பீஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேட்டி மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து கிணற்று மேட்டில் உட்காருவார். “கட்டை மூணும் என்ற மடியில இருக்குது. இனி குதிங்கடா” என்பார். மேலே ஏறி வருகிறவர்களைத் தலை எண்ணுவார். கடைசிப் பையன் தலை துவட்டி முடிக்கும்வரை அந்தக் கட்டைகள் அவர் மடியை விட்டு இறங்காது.

அவர் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஓம் விதி அவருக்குத் தெரியாது. ஆனால் மின்பொறியாளனாக நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் இடமும் அவர் உட்கார்ந்திருந்த அந்த மேடுதான். தண்ணீருக்குள் இறங்கியவனால் மின்சாரத்திடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அவன் இறங்குவதற்கு முன்பே கரையில் இருக்கும் ஒருவர் அவனைக் காத்திருக்க வேண்டும். இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்.

அப்பாருவுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றில் பிள்ளைகள் இருக்கும்போது மோட்டார் ஓட வேண்டிய தேவை இல்லை. நம் நீச்சல் குளத்திலோ பிள்ளைகள் நீந்திக்கொண்டிருக்கும்போதே பம்பு ஓட வேண்டும். ஓடினால்தான் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுற்றி வரும். இருட்டிய பிறகு தண்ணீருக்குள் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால்தான் அடியில் யாராவது கிடந்தால் தெரியும். கட்டையைப் பிடுங்கி மடியில் வைக்க வழியில்லை. அப்படியானால் அந்த மடி செய்த வேலையை எது செய்யும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தண்ணீருக்குள் உடம்பு

தரையில் நிற்கிற மனிதனுக்கு இரண்டு கவசங்கள் உண்டு. உலர்ந்த தோல் ஒன்று, காலில் போட்ட செருப்பு இன்னொன்று. உலர்ந்த தோலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்கள். குளத்துக்குள் இறங்கும்போது செருப்பைக் கரையில் விடுகிறோம். தோலைத் தண்ணீர் ஊறவைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது உடம்பின் உட்புறம் மட்டும். அது இரத்தமும் தசையுமான உப்புக் கரைசல். அதன் தடை சில நூறு ஓம்கள்தான். குளத்துத் தண்ணீரைவிட நம் உடம்பில் உப்பு அதிகம். ஆகவே தண்ணீரில் மின்சாரம் கசிந்து பரவும்போது, நடுவில் மிதக்கும் மனிதன் அதற்கு எளிய வழியாகிவிடுகிறான்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்து? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற மின்பொறியியல் பேராசிரியர் இருந்தார். பிடித்த கம்பியைத் தானாக விடக்கூடிய எல்லை எது என்பதை, தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்து அவர் அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதில் பாதிகூட வேண்டாம், ஒரு மனிதனின் கையைப் பூட்டிவிட.

தரையில் கை பூட்டிக்கொண்டால் அலறலாம். யாராவது வந்து மெயினை நிறுத்துவார்கள். தண்ணீரில் கையும் காலும் ஒருசேர விறைத்தால் மூழ்குவது ஒன்றுதான் நடக்கும். நெஞ்சுத் தசையும் இறுகினால் குரல் எழும்பாது. தண்ணீர் உடம்பு முழுவதையும் தொட்டுக்கொண்டிருப்பதால் தீக்காயம் போன்ற தடயம் பெரும்பாலும் இருக்காது. “நீச்சல் தெரிந்த பையன் எப்படி மூழ்கினான்?” என்று ஊர் வியக்கும். மின்சாரம் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். அதனால்தான் இதை நான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

அப்பாருவின் மடிக்கு ஈடாக, உலகெங்கும் மின்விதிகள் மூன்று அரண்களைச் சொல்கின்றன. மின்சாரத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்து வைப்பது முதல் அரண். மீறிக் கசிந்தால் கண்ணிமைக்கும் முன் துண்டிப்பது இரண்டாவது. அதையும் மீறினால் தண்ணீரிலும் கரையிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரே மின்மட்டத்தில் வைப்பது மூன்றாவது. ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட்டுவிட முடியாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரித்து வைத்தல்

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 என்ற விதித்தொகுப்பில் 702 ஆம் பகுதி நீச்சல் குளங்களுக்கே உரியது. அது குளத்தையும் சுற்றுப்புறத்தையும் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. தண்ணீர் நிற்கும் தொட்டியின் உட்புறம் 0 மண்டலம். விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை, தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் வரை, 1 ஆம் மண்டலம். அதற்கு அப்பால் இன்னும் 1.5 மீட்டர், 2 ஆம் மண்டலம். ஆக விளிம்பிலிருந்து 3.5 மீட்டர், ஏறத்தாழ பதினொன்றரை அடி, குளத்தின் ஆட்சிக்கு உட்பட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் எரியும் விளக்குக்கு மாறுதிசை மின்சாரமானால் 12 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நேர்மின்சாரமானால் 30 வோல்ட். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் 12 வோல்ட் என்ற எண்ணில் பாதிப் பாதுகாப்புதான் இருக்கிறது. மறுபாதி, அந்த 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 230 வோல்ட் சுற்றும் 12 வோல்ட் சுற்றும் ஒன்றையொன்று தொடாத, தனித்தனிச் சுற்றுகள் கொண்ட பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அது வர வேண்டும். ஒரே சுற்றிலிருந்து கிளை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் வெளியே 12 வோல்ட்தான் காட்டும். அதில் ஒரு ஒயர் அறுந்தாலோ இணைப்பு மாறினாலோ 230 வோல்ட் முழுவதும் குளத்துக்குள் இறங்கிவிடும். உள்ளே பிரிப்பு இல்லாத மலிவான எல்.இ.டி. டிரைவர்களும் இதே ரகம். வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், சுற்று பிரிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு தவறையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நல்லது செய்வதாக நினைத்து 12 வோல்ட்டின் ஒரு முனையை எர்த்தில் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது தம்பிகளே. அந்தச் சுற்றுக்கும் பூமிக்கும் எந்த உறவும் இல்லாமல் இருப்பதுதான் அதன் பலம். உறவு இல்லாதவரை, ஒரு இடத்தில் கசிந்தாலும் மின்சாரம் பூமி வழியாகத் திரும்பிப் போக வழியிருக்காது. நாமே எர்த்தைக் கட்டினால் அந்த வழியை நாமே திறந்துவிட்டதாக ஆகும். டிரான்ஸ்ஃபார்மரைக் குளக்கரையில் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் மூன்று மண்டலங்களுக்கும் வெளியே வையுங்கள்.

ஒப்பந்தக்காரர்கள் சிலர் ஏன் 230 வோல்ட் விளக்கையே தண்ணீரில் இறக்கினார்கள்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்துக் குள விளக்கு 300 வாட். 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர் எடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 20 மீட்டர் இழுத்து அதில் 25 ஆம்பியர் ஓட்டினால், போகவும் வரவும் சேர்த்து 7 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துவிடும். விளக்கு மின்மினியாக எரியும். தடித்த ஒயருக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் 230-க்குத் தாவினார்கள். இன்று 18 வாட் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. அது எடுப்பது 1.5 ஆம்பியர், அதே ஒயரில் அரை வோல்ட்கூடக் குறையாது. அந்தச் சாக்கு செத்துப் போய்விட்டது. பழைய குளத்தில் 230 வோல்ட் விளக்கு இன்னும் இருக்குமானால், அடுத்த பொதுக்குழுவில் முதல் தீர்மானமாக அதைக் கழற்றுங்கள்.

விளக்கைப் பொருத்தும் விதத்திலும் சில விஷயங்கள் உண்டு. தூசியும் தண்ணீரும் புகாத அளவைக் காட்டும் ஐ.பி. எண்ணில் இரண்டாவது இலக்கம் தண்ணீரைக் குறிக்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். நம் விளக்கு நாள் முழுக்க மூழ்கியே இருப்பது. அதற்கு 8 வேண்டும். விளக்குக் குழியிலிருந்து வரும் பைப், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறி ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முடிய வேண்டும். தண்ணீருக்கடியில் ஒயரை ஒட்டுப் போடவே கூடாது. டேப் சுற்றினால் போதும் என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. தண்ணீர் ஒயரின் இழைகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிப் பாக்ஸ் வரை போகும். விளக்குக் குழிக்குள் ஒயரைச் சுருட்டி உபரியாக விட்டால், பழுது வரும்போது விளக்கைக் கரைக்கே தூக்கி வைத்து உலர்ந்த தரையில் வேலை பார்க்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று விளக்கு மாட்டும் நிலை எந்தத் தம்பிக்கும் வரக் கூடாது.

துண்டித்தல்

இனி பம்புக்கு வருவோம். அது 230 வோல்ட்டிலோ 415 வோல்ட்டிலோதான் ஓடியாக வேண்டும். 12 வோல்ட்டுக்குள் அடங்காது. பம்பு ரூம் தள்ளி இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். பம்பின் வயிற்றில் இருக்கும் தண்ணீரும் குளத்தின் தண்ணீரும் ஒன்றே. நடுவில் இருப்பது பி.வி.சி. பைப்தானே என்பீர்கள். பைப்புக்கு மின்சாரம் கடத்தத் தெரியாது; பைப்புக்குள் இருக்கும் குளோரின் கலந்த தண்ணீருக்குத் தெரியும்.

“எர்த் போட்டிருக்கிறோம் சார், உப்பும் கரியும் கொட்டி எட்டடி ஆழத்துக்குக் குழி எடுத்திருக்கிறோம்” என்று சொல்லாத குடியிருப்பு இல்லை. நல்ல காரியம். ஆனால் அந்தக் குழியை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். உங்கள் எர்த் குழியின் தடை 5 ஓம், மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் வைண்டிங் பழுதாகி ஃபேஸ் நேரே உடம்பில் பட்டுவிட்டது. 230-ஐ 6-ஆல் வகுத்தால் ஓடும் மின்சாரம் 38 ஆம்பியர். அளவு மீறி ஓடினால் விழுந்து துண்டிக்க அங்கே இருப்பது 20 ஆம்பியர் ‘சி’ ரக எம்.சி.பி. அது உடனே விழ வேண்டுமானால் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 100 முதல் 200 ஆம்பியர் ஓட வேண்டும். 38 ஆம்பியருக்கு அது மெல்லச் சூடேறி, தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் விழும். அதுவரை மோட்டாரின் உடம்பு எத்தனை வோல்ட்டில் நிற்கும்? 38-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 190 வோல்ட். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் தொட்டவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. அது ஒரு நேர்மையான கணக்குப்பிள்ளை. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். துண்டு விழுந்தால், விழுந்த துண்டு யார் உடம்பு வழியாகவோ போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் ரகத்தில் அந்த அளவு கசிந்தால் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். 150 கசிந்தால் 0.04 வினாடிக்குள். முன்பு சொன்ன அதே டால்சியல்தான் 1961-இல், 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். கையை விட முடியாத எல்லையைத் தம் கையால் அளந்தவர், அந்த எல்லைக்குள்ளேயே துண்டிக்கும் கருவியையும் செய்தார். அமெரிக்க மின்விதிகள் அந்தப் பாதுகாப்பை 1968-இல் முதன்முதலாகக் கேட்டது எந்த இடத்துக்குத் தெரியுமா? நீச்சல் குளத்தின் நீரடி விளக்குகளுக்கு.

பம்புக்கு ஒரு ஆர்.சி.சி.பி., விளக்கு டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஒன்று விழுந்தால் குளம் முழுவதும் இருட்டாகிவிடக் கூடாது. வேகம் மாற்றி ஓட்டும் டிரைவ் வைத்த பம்புகளில் கசிவு நேர்மின்சாரமாகவும் வரலாம், சாதாரண ‘ஏ.சி.’ ரகம் அதைக் கண்டுகொள்ளாது. பம்பு தயாரிப்பாளர் கேட்கும் ரகத்தையே போடுங்கள். மாதம் ஒரு முறை ‘டி’ என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தவன் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்குக் கீழே விழாமல் இருக்கும்படிதான் செய்யப்படுகிறது. 15 முதல் 30 வரை விழலாம், விழாமலும் இருக்கலாம். கையைப் பூட்டும் எல்லை எவ்வளவு என்று பார்த்தோம்? 10.5, 16. ஆக இதயத்தைக் காக்கும் அந்தக் கருவி, தண்ணீரில் ஒரு குழந்தையின் கைகால் விறைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். 10 மில்லி ஆம்பியர் கருவிகளும் கிடைக்கின்றன; முடிந்த இடத்தில் போடுங்கள். ஆனாலும் எந்தக் கருவியும் இயந்திரம்தான், ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மூன்றாவது அரண் வேண்டும்.

மட்டமாக்கல்

குளத்தின் விளிம்புக் கல்லைப் பதிக்கும் கொத்தனாரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நீளமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தக் கோடியிலும் மறு முனையை அந்தக் கோடியிலும் பிடிப்பார். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் மட்டம் சரி. மட்டம் சரியாக இருக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது. மின்சாரமும் அப்படித்தான். இரண்டு இடங்களின் மின்மட்டத்தில் வேறுபாடு இருந்தால்தான் ஓடும். குளத்துத் தண்ணீர், கைப்பிடி ஏணி, கரையின் ஈரத் தரை, பம்பின் உடம்பு, எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றால், ஒரு கையால் ஏணியைப் பிடித்து உடம்பைத் தண்ணீரில் வைத்திருக்கும் குழந்தையின் வழியாக ஓட எதுவும் இருக்காது.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் பெயர் ‘பாண்டிங்’. எர்த்திங் என்பது இரும்பை மண்ணோடு சேர்ப்பது. பாண்டிங் என்பது இரும்பை இரும்போடு சேர்ப்பது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வது ஆபத்து. தொட்டியின் கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பிக் கூடு, சுற்றுத்தரையின் கம்பி, ஏணி, கைப்பிடி, குதிக்கும் பலகையின் கால், தண்ணீர் பைப் உலோகமானால் அது, பம்பு மோட்டாரின் உடம்பு ஆகிய அனைத்தையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அமெரிக்க விதித்தொகுப்பின் 680 ஆம் பிரிவு இதற்கு ஏறத்தாழ 8 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள ஒற்றை இழைச் செம்பைக் கேட்கிறது. குளத்துத் தண்ணீரையே ஒரு உலோகப் பரப்பின் மூலம் இந்தப் பிணைப்போடு சேர்க்கச் சொல்கிறது. இதில் எங்கும் ஸ்விட்ச் இல்லை, பொத்தான் இல்லை. மின்சாரமே இல்லாத நேரத்திலும் காத்து நிற்கும் அரண் இது ஒன்றுதான். அடுத்த தெருவில் நியூட்ரல் அறுந்து அதன் மின்சாரம் உங்கள் எர்த் வழியாக ஏறி வந்தாலும், உங்கள் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியாது. பிணைப்பு மட்டுமே காக்கும்.

இது கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. கம்பி கட்டும் நாளில் எலக்ட்ரீஷியனும் அங்கே இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அவரைக் கூப்பிட்டால் அவரால் பாதி வேலைதான் செய்ய முடியும். கட்டிக்கொண்டிருக்கும் குளம் இருந்தால், கான்கிரீட் போடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கேட்காத குரல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பிலிருந்து அழைத்தார்கள். “குளத்து ஏணியைப் பிடிச்சா சுருக்குன்னு இழுக்குதுன்னு பசங்க சொல்றாங்க, வந்து பாருங்க சார்” என்றார்கள். போனவுடன் மெயினை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றினேன். பிறகு பம்பை மட்டும் போட்டு, ஏணிக்கும் தண்ணீருக்கும் இடையே மீட்டரை வைத்தபோது முள் எழுந்தது. பம்பு ரூமுக்குப் போனேன். அங்கேயே குளோரின் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காற்றில் எர்த் கம்பியின் முனை களிம்பேறி, பச்சைப் பொடியாக உதிர்ந்து, மோட்டாரை விட்டுத் தனியே நின்றது. மோட்டார் வைண்டிங்கில் ஈரம். ஆர்.சி.சி.பி. ‘அடிக்கடி விழுகிறது’ என்று அதை விட்டுவிட்டு நேரே ஒயர் போட்டிருந்தார்கள். ஏணியை எதனோடும் பிணைக்கவில்லை. பிரிப்பதற்குப் பம்பில் வழியில்லை, துண்டிப்பதை நாமே துண்டித்துவிட்டோம், மட்டமாக்கல் பிறக்கவே இல்லை.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் காவலாளி அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ரெண்டு வாரமா நானும் சொல்றேங்க சார். செருப்பு போட்டுட்டுப் பிடிச்சா ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிட்டாங்க.” இரண்டு வாரம் அவர் கரையில் நின்று காத்திருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. நிர்வாகிகளே, ‘சுருக்’ என்ற ஒரு சொல்லை எந்தக் குழந்தை சொன்னாலும், அந்த நொடியே குளத்தை மூடுங்கள். அடிக்கடி விழும் ஆர்.சி.சி.பி. நமக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. எங்கோ கசிகிறது என்று கத்திக்கொண்டிருக்கிறது.

கரையில் இருப்பவர் செய்ய வேண்டியது

நாளை காலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி. பொத்தான் சோதனையை அதில் தேதியோடு எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்காலத்துக்கு முன்பாக, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்து, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பாருங்கள். 500 வோல்ட் மெகரில் மோட்டார் சர்க்யூட் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். ஏணியிலிருந்து பம்பு உடம்பு வரை பிணைப்பு அறாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். குளோரினை வேறு அறைக்கு மாற்றுங்கள். பம்பு ரூம் குளத்தைவிடத் தாழ்வாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு மழையில் நிரம்பிவிடும். மின்பலகையை உயரத்தில் மாட்டுங்கள். அதை நிறுத்தும் மெயின் ஸ்விட்ச் மேல்தளத்தில் இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் அறைக்குள் இறங்கிப் போய் ஸ்விட்சை அணைக்க யாரையும் அனுப்பாதீர்கள்.

புத்தாண்டு இரவுக்கும் பிறந்தநாளுக்கும் குளக்கரையில் சீரியல் செட் கட்டுகிறோம். மைக் செட் வைக்கிறோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத்தரையில் இழுத்துப் போடுகிறோம். ஆண்டு முழுக்கச் சரியாக இருந்த குளம் அந்த ஒரு இரவில் கொலைக்களமாகலாம். அந்த 3.5 மீட்டரை நினைவில் வையுங்கள். அதற்குள் தற்காலிக ஒயர் எதுவும் வரக் கூடாது. மைக் செட்காரரிடம் வெட்கப்படாமல் டேப் வைத்து அளந்து காட்டுங்கள்.

ஒருவேளை அசம்பாவிதம் நடந்துவிட்டால், தண்ணீரில் துடிப்பவரைப் பார்த்தவுடன் குதிக்கத் தோன்றும். அப்படிக் குதித்தவர்களும் சேர்ந்து இறந்த துயரங்கள் உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதற்காகவே குளக்கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், 3.5 மீட்டருக்கு வெளியே, சிவப்பு அவசரப் பொத்தான் ஒன்று வேண்டும். காவலாளிக்கும் பயிற்சியாளருக்கும் ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் உலர்ந்த மூங்கில் கழியையோ மின்சாரம் கடத்தாத கொக்கிக் கழியையோ நீட்டி இழுங்கள். அலுமினியக் கழி வேண்டாம். கரையேற்றியவுடன் மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108-க்குச் சொல்லுங்கள். மின்சாரம் நிறுத்திய இதயத்தை உடனே அழுத்தினால் மீட்க வாய்ப்பு உண்டு.

பழுது பார்க்கும் நாளைப் பற்றி ஒரே ஒரு சொல். பம்பில் கை வைக்கும் தம்பி மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது. பூட்டுப் போட்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆலைகளில் இதற்கு நீளமான ஆங்கிலப் பெயரும் தனிப் பயிற்சியும் உண்டு. நான் முதன்முதலில் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மூன்று பீஸ் கட்டைகளோடு அப்பாரு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தது அப்படியே முன்னால் வந்து நின்றது.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குளத்துக்கு அந்த ஆள் யார்? ‘சங்கம்’ என்று சொல்லாதீர்கள். சங்கத்துக்கு மடி கிடையாது. ஒரு பெயரைச் சொல்லுங்கள். அவர் கையில் அந்த நோட்டையும் பம்பு ரூம் சாவியையும் கொடுங்கள். வேண்டும்போது குளத்தை மூடும் அதிகாரத்தையும், யாரும் கேள்வி கேட்காதபடி, எழுத்தில் கொடுங்கள். அந்தப் பெயரை இன்று இரவே முடிவு செய்யுங்கள். நாளை காலை பிள்ளைகள் டவுசரோடு வந்து நிற்பார்கள்.